கிளிநொச்சி வாசலிலிருந்து லண்டன் வாசல்வரை: கட்டுநாயக்க–ஹீத்ரோ விமானப் பயணம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் நீண்ட காலம் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். முன்பு மாணவர்கள் கேள்வி கேட்டார்கள்; இப்போது அவர்களுடைய பெற்றோர் கேட்கிறார்கள். “சேர், மகள் லண்டனுக்கு வரச் சொல்கிறாள். எவ்வளவு தூரம்? எத்தனை மணித்தியாலம் இருந்தபடி போக வேண்டும்?” மாங்குளம் சந்தியிலும் கோயில் வீதியிலும் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதன்முறையாக விமானம் ஏறப்போகும் அம்மாக்களையும் அப்பாக்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

கட்டுநாயக்கவுக்கும் ஹீத்ரோவுக்கும் இடையே எவ்வளவு தூரம்?

கொழும்புக்கு வடக்கே உள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம்வரை வான்வழியில் ஏறத்தாழ 8,710 கிலோமீற்றர். மைலில் சொன்னால் 5,410. விமானிகள் கணக்கிடும் கடல் மைலில் 4,700. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீற்றர்.

இணையத்தில் தேடினால் சில கிலோமீற்றர் கூடியோ குறைந்தோ காட்டும். பூமியை முழு உருண்டையாக எடுத்துக் கணித்தால் ஒரு விடை வரும். துருவங்களில் சற்றே தட்டையானது என்று எடுத்தால் வேறொரு விடை வரும். பயணிக்கு அந்த வேறுபாட்டால் எந்தப் பாதிப்பும் இல்லை.

தேசப்படத்தில் அடிமட்டம் வைத்து அளந்தால் இந்தத் தூரம் வருமா?

வராது. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்தால் வடக்கே போகப் போக நிலம் இழுபட்டுவிடும். பூகோள உருண்டையில் நூல் பிடித்துத்தான் அளக்க வேண்டும். வகுப்பில் நான் செய்தது இதுதான்: நூலின் ஒரு முனையை இலங்கையில் பிடித்து, மறு முனையை லண்டனில் வைத்து, தொய்வு இல்லாமல் இழுப்போம். நூல் தானாகவே மிகக் குறுகிய பாதையில் போய்ப் படியும். பூமியின் நடுப்புள்ளியிலிருந்து பார்த்தால் அது 78 பாகைக்குச் சற்று அதிகமான கோணம். ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று பெருக்கினால் விடை கிடைத்துவிடும்.

அந்த நூல் எங்கெல்லாம் போகிறது என்று பார்ப்பதில்தான் பிள்ளைகளுக்கு ஆசை அதிகம். தென்னிந்தியாவைக் குறுக்காகக் கடந்து, கோவாவுக்கு அருகே அரபிக் கடலில் இறங்கி, ஈரானுக்குள் நுழைந்து, கருங்கடலைத் தாண்டி, ஜேர்மனிக்கு மேலாக லண்டனை அடைகிறது. சரிபாதி எங்கே என்று பார்த்தால், ஈரானின் தலைநகர் தெஹ்ரானுக்குப் பக்கத்தில் விரல் நிற்கும். மேற்கே நேராகப் போகிறோம் என்று நினைத்திருப்போம்; கட்டுநாயக்கவில் எழும்பும்போதே நூல் வடமேற்கைத்தான் காட்டுகிறது.

விமானம் அந்த நூலின் மேலேயே பறக்குமா?

இல்லை. வானத்திலும் வீதிகள் உண்டு, மூடிய வீதிகளும் உண்டு. 2022 பெப்ரவரி 24 முதல் உக்ரைனின் வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. நம் நூல் அந்நாட்டின் தென்மேற்கு ஓரத்தைத் தொட்டுச் செல்வதால் விமானங்கள் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். மத்திய கிழக்கில் பதற்றம் மூண்டால் ஈரான், ஈராக் வான்பரப்புகளும் திடீரென்று மூடப்படும். யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதி போரினால் 2006 ஓகஸ்டில் மூடப்பட்டபோது யாழ்ப்பாணம் எவ்வளவு தொலைவாகிப்போனது என்பதை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. தூரம் மாறவில்லை, பாதை மாறியது.

நேரடி விமானத்தில் எத்தனை மணித்தியாலம்?

லண்டனுக்குப் போகும்போது 11 மணித்தியாலத்தை ஒட்டி. காற்றையும் பாதையையும் பொறுத்து அரை மணித்தியாலம் கூடலாம், குறையலாம். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் இந்தப் பாதையில் நேரடிச் சேவை நடத்துகிறது.

பெரிய ஜெட் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். 8,710ஐ 900ஆல் வகுத்தால் 9 மணி 40 நிமிடம்தானே வருகிறது, மீதி எங்கே போனது என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் அந்த வேகம் இராது. பாதை வளைந்து போகிறது. ஹீத்ரோவில் கூட்டம் என்றால் வானத்தில் வட்டமிட வேண்டியும் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக எதிர்க்காற்று. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம், விமானம் தரிப்பிடத்திலிருந்து நகரத் தொடங்கும் கணத்திலிருந்து அங்கே தரித்து நிற்கும் கணம்வரையான கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அதற்குள் அடங்கும்.

திரும்பி வரும்போது ஏன் நேரம் குறைகிறது?

காற்றினால். விமானம் பறக்கும் பத்துப் பதினொரு கிலோமீற்றர் உயரத்தில், நடு அகலக்கோடுகளில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மிக வேகமான காற்றோட்டம் ஒன்று ஓடுகிறது. போகும்போது அது முகத்தில் அடிக்கும். வரும்போது முதுகில் தள்ளும். ஆகவே லண்டனிலிருந்து கொழும்புக்கு பத்தரை மணித்தியாலம் அளவில் வந்துவிடலாம். வடக்கே குளிர்காலத்தில் அந்தக் காற்று இன்னும் வலுக்கும். பாக்குநீரிணையில் வாடைக்கும் சோளகத்துக்கும் பாய் கட்டிய நம் கடற்றொழிலாளருக்கு இது புதிய பாடம் அல்ல.

டுபாய், டோஹா வழியாகப் போனால் தூரம் மிகவும் கூடுமா?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் எழுத விரும்புகிறேன். பலரும் தவறாக நினைப்பது இதை.

கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் ஏறத்தாழ 3,290 கிலோமீற்றர். டுபாயிலிருந்து ஹீத்ரோ ஏறத்தாழ 5,500. கூட்டினால் 8,790. நேர்ப்பாதையைவிட 80 கிலோமீற்றர்தான் அதிகம்; கிளிநொச்சியிலிருந்து வவுனியா போகும் தூரம். டோஹா வழியென்றால் நேர்ப்பாதையைவிட 140 கிலோமீற்றர் அளவில் கூடும். வளைகுடா நகரங்கள் நம் நூலுக்கு அவ்வளவு அருகில் இருக்கின்றன. விமானத்துக்கு அது பத்து நிமிடப் பறப்பு.

ஆகவே கூடுவது தூரம் அல்ல, காத்திருப்பு. இரண்டு மணித்தியாலமும் காத்திருக்கலாம், பதினைந்து மணித்தியாலமும் காத்திருக்கலாம். இரண்டு டிக்கெட்டிலும் “ஒரு தரிப்பு” என்றே எழுதியிருக்கும்.

2017இல் என் பெரியம்மா மகளின் பிள்ளைப்பேற்றுக்காக லண்டன் போனார். வயது 71. தருமபுரத்திலிருந்து புறப்பட்டார். டிக்கெட் எடுத்துக்கொடுத்தவர் பதினெட்டாயிரம் ரூபா மலிவு என்றார், நாங்களும் மகிழ்ந்தோம். இடையில் எவ்வளவு நேரம் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பதின்மூன்று மணித்தியாலம். ஓர் இரவு முழுவதும், மொழி தெரியாத ஒரு விமான நிலையத்தில், ஒரே நாற்காலியில் பெரியம்மா அமர்ந்திருந்தார். எழுந்து போனால் விமானம் போய்விடும் என்ற பயத்தில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. லண்டனில் இறங்கியபோது செருப்புக்குள் கால் நுழையவில்லை. பேரப்பிள்ளையைத் தூக்குவதற்கு முன் இரண்டு நாள் படுத்திருந்தார். தூரத்தை உருண்டையில் அளக்கத் தெரிந்த எனக்கு, அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது யார் டிக்கெட்டைக் காட்டினாலும் நான் முதலில் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான்.

அப்படியானால் இடையில் எவ்வளவு நேரம் இருப்பது நல்லது?

வயதானவர் தனியே போனால் இரண்டரை முதல் நான்கு மணித்தியாலம். ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறைந்தால் ஏற்க வேண்டாம். முதல் விமானம் சிறிது தாமதித்தாலும் இரண்டாவது தவறிவிடும். வசதி இருந்தால், முதல் பயணத்துக்கு நேரடி விமானமே எடுங்கள்.

இன்னொன்று. இரண்டு பறப்புகளும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் சூட்கேஸ் லண்டன்வரை தானாகப் போகும். முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. மலிவு என்று தனித்தனியே வாங்கினால் அந்தப் பொறுப்பு உங்கள் அம்மாவின் தலையில் விழும்.

கிளிநொச்சி வீட்டிலிருந்து லண்டன் வீடுவரை மொத்தம் எவ்வளவு நேரம் பிடிக்கும்?

ஒரு முழு நாள். விரல் மடக்கி எண்ணிப் பாருங்கள்.

கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்க ஏறத்தாழ 300 கிலோமீற்றர். வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று போனால் கொழும்பு நகருக்குள் நுழையவே வேண்டாம். விமான நிலையம் நகருக்கு வடக்கே, புத்தளம் வீதிப் பக்கம் இருப்பது நமக்கு வசதி. வான் வண்டியில் போனால் ஆறேழு மணித்தியாலம். முல்லைத்தீவிலிருந்து வருபவர்கள் ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளத்தில் ஏ-9ஐப் பிடிக்கலாம். ரயில் மலிவுதான், ஆனால் அது விமான நிலையத்தைத் தாண்டிக் கொழும்பு கோட்டை ரயில் நிலையம்வரை கொண்டுபோய்விடும். சூட்கேஸோடு மறுபடி 30 கிலோமீற்றர் வடக்கே வர வேண்டும்.

விமானம் புறப்படுவதற்கு நான்கு மணித்தியாலம் முன்னதாகப் போய்ச் சேருவது நல்லது. பிறகு 11 மணித்தியாலப் பறப்பு. ஹீத்ரோவில் குடிவரவு வரிசைக்கும் சூட்கேஸ் வருவதற்கும் ஒன்றரை மணித்தியாலம். அங்கிருந்து பிள்ளையின் வீடு லண்டனின் ஹரோ பகுதியில் என்றால் முக்கால் மணித்தியாலம், ஈஸ்ட் ஹாம் பகுதியில் என்றால் ஒன்றரை. எல்லாம் சேர்த்தால் 23 முதல் 25 மணித்தியாலம். அதில் வானத்தில் இருப்பது பாதிக்கும் குறைவு.

ஆகவே முதல் நாள் இரவே நீர்கொழும்பில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கிப் போவது வீண்செலவு அல்ல. இரவிரவாக வான் வண்டியில் குலுங்கி வந்தவர் பதினொரு மணித்தியாலம் நிமிர்ந்து அமர்ந்திருப்பது எளிதன்று.

வன்னியிலேயே விமான நிலையம் இல்லையா?

ஓடுபாதைகள் உண்டு. இரணைமடுவிலும் வவுனியாவிலும் இருப்பவை விமானப்படையிடம் இருக்கின்றன. சர்வதேசப் பயணிகள் விமானம் வேண்டுமென்றால் நமக்கு அருகில் உள்ளது பலாலி.

பலாலியிலிருந்து சென்னை போய், அங்கிருந்து லண்டன் போகலாமா?

போகலாம். பலாலி 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

தூரக் கணக்கு ஆச்சரியமானது. பலாலி–சென்னை ஏறத்தாழ 355 கிலோமீற்றர், சென்னை–ஹீத்ரோ ஏறத்தாழ 8,235. மொத்தம் 8,590. கட்டுநாயக்கவிலிருந்து நேரே பறப்பதைவிட 120 கிலோமீற்றர் குறைவு! காரணம் எளிது. நாம் கட்டுநாயக்கவுக்குப் போகும்போது லண்டனுக்கு முதுகைக் காட்டித் தெற்கே போகிறோம். கிளிநொச்சி வீட்டு முற்றம், கட்டுநாயக்க ஓடுபாதையைவிட லண்டனுக்கு 150 கிலோமீற்றர் அருகில் இருக்கிறது. பலாலிக்கோ கிளிநொச்சியிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம்.

ஆனாலும் வயதானவருக்கு இதை இப்போது நான் பரிந்துரைப்பதில்லை. பலாலிக்கு வருவது விசிறிபோன்ற சுழலி பொருத்திய சிறிய விமானம். சூட்கேஸ் எடை வரம்பை முன்கூட்டியே கேட்க வேண்டும். இரண்டு டிக்கெட்டும் தனித்தனி என்றால் சென்னையில் இறங்கி, இந்தியாவுக்குள் நுழைந்து, சூட்கேஸை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு இந்திய விசாவும் தேவை. சென்னையில் இரண்டு நாள் தங்கிக் கோயில்கள் பார்த்துவிட்டுப் போக நினைக்கும் திடமான ஆட்களுக்கு இது அருமையான வழி. ஒருநாள் பலாலியிலிருந்து ஒரே டிக்கெட்டில் லண்டன்வரை சூட்கேஸ் போகும் நிலை வந்தால், வன்னிக்கு அதைவிடப் பெரிய உதவி இராது.

லண்டனுக்கும் நமக்கும் நேர வித்தியாசம் எவ்வளவு?

குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலம், கோடையில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். ஒக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுப்பார்கள். நாம் மாற்றுவதில்லை.

கடிகாரத்தை மாற்றுவது என்றதும் வன்னியில் வயது வந்தவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். 1996 மே மாதம் இலங்கை அரசு நேரத்தை ஒரு மணித்தியாலம் கூட்டியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பழைய நேரத்திலேயே இருந்தது. 2002இல் ஏ-9 பாதை திறந்தபின், இரு தரப்புக் கட்டுப்பாட்டுப் பகுதிகளையும் பிரித்த ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கைக்கடிகாரத்தில் அரை மணித்தியாலம் வேறுபடும். ஒரே தீவுக்குள் எண்பது கிலோமீற்றர் பயணத்தில் இரண்டு நேரங்களோடு வாழ்ந்தவர்கள் நாம். பெரியம்மாவுக்கு லண்டன் நேரத்தை நான் அப்படித்தான் விளக்கினேன்: “ஓமந்தை கடப்பதுபோல, கொஞ்சம் பெரிதாக.” உடனே புரிந்துகொண்டார்.

மதியம் ஒரு மணிக்கு ஏறினால் அங்கே எத்தனை மணிக்கு இறங்குவோம்?

பதினொரு மணித்தியாலம் பறந்தால் நம் கணக்கில் நள்ளிரவு 12. ஐந்தரையைக் கழித்தால் குளிர்கால லண்டனில் மாலை 6.30, கோடையில் மாலை 7.30. டிக்கெட்டில் “புறப்பாடு 13.00, வருகை 18.30” என்று பார்த்துவிட்டு ஐந்தரை மணித்தியாலப் பயணம்தான் என்று நம்பி வருபவர்கள் உண்டு. டிக்கெட்டில் எழுதியிருப்பது எப்போதும் அந்தந்த ஊர் நேரம்.

மேற்கே பறக்கும்போது சூரியனைத் துரத்திக்கொண்டே போகிறோம். ஆகவே அந்தப் பிற்பகல் முடிவில்லாததுபோல் நீளும். உறக்கம் வராவிட்டால் அதிர்ச்சியடைய வேண்டாம்.

அம்மாவுக்கு நீண்ட தூரம் நடக்க முடியாது. என்ன செய்வது?

டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேளுங்கள். பிந்தினாலும் 48 மணித்தியாலத்துக்கு முன்னதாகச் சொல்லிவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். ஹீத்ரோவில் விமான வாசலிலிருந்து குடிவரவுவரையான நடை, நம் ஊரில் கோயிலுக்குப் போய்வரும் தூரம்.

இதில் மூன்று வகை உண்டு. படி ஏறுவார், ஆனால் தூரம் நடக்க மாட்டார் என்பது ஒன்று. படியும் ஏற மாட்டார் என்பது அடுத்தது. இருக்கைவரை தூக்கிச் செல்ல வேண்டும் என்பது மூன்றாவது. எது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இந்த உதவியில் இன்னொரு பெரும் பயன் உண்டு. இடையில் விமானம் மாறும்போது அடுத்த வாசலுக்கு அழைத்துப்போக ஓர் ஆள் வருவார். மொழி தெரியாதவருக்கு அதுவே பாதிப் பயம் தீர்ந்ததுபோல.

பிரஷர், சலரோக மருந்துகளை எப்படிக் கொண்டுபோவது?

கைப்பையில், மருந்துச்சிட்டையோடு. இன்சுலினைச் சூட்கேஸில் வைக்கவே கூடாது. கீழ்த்தளத்தின் குளிரில் உறைந்தால் அது பயன்படாது. ஐந்தரை மணித்தியாலம் நீளும் நாளில் எந்த நேரத்துக்கு எந்த மருந்து என்பதைப் பயணத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்டு, தமிழில் ஒரு தாளில் எழுதி அம்மாவின் பையில் வையுங்கள்.

விமானத்துக்குள் காற்றழுத்தம், 2,400 மீற்றர் வரை உயரமான மலையில் இருப்பதுபோல் இருக்கும். பிதுருதலாகல மலையின் உச்சியே 2,524 மீற்றர்தான். அதனால் இதய, சுவாச நோய் உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றிப் பறக்கக் கூடாது. நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்திருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். கழிவறைக்குப் போவதற்குக் கூச்சப்பட்டுத் தண்ணீரைத் தவிர்க்கும் அம்மாக்களுக்கு, நடைபாதையோர இருக்கை எடுத்துக்கொடுங்கள்.

விமானம் எங்கே பறக்கிறது என்பதை வீட்டிலிருந்து பார்க்க முடியுமா?

முடியும். விமானங்கள் தாம் இருக்கும் இடத்தைத் தாமே வானொலிச் சமிக்ஞையாக அறிவித்துக்கொண்டு பறக்கின்றன. தரையில் உள்ள வாங்கிகள் அவற்றைப் பிடித்து இணையத்தில் காட்டுகின்றன. டிக்கெட்டில் உள்ள விமான இலக்கத்தைக் கொடுத்தால் தொலைபேசியிலேயே தேசப்படத்தில் தெரியும். கடலுக்கு மேலே சில இடங்களில் சின்னம் மறைந்துபோகலாம். அங்கே வாங்கி இல்லை என்பதுதான் காரணம், பதற வேண்டாம்.

தரையிறங்கியது என்று காட்டியவுடன் அழைப்பை எதிர்பார்க்காதீர்கள். வரிசை, சூட்கேஸ், வெளிவாசல் எல்லாம் முடிய ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் ஆகும். சென்ற ஆண்டு பெரியம்மா இரண்டாம் முறை போனார். நேரடி விமானம், சக்கர நாற்காலி, நடைபாதையோர இருக்கை. நள்ளிரவுக்குச் சற்று முன் விமானம் இறங்கியதை இங்கே தருமபுரத்தில் தொலைபேசியைச் சுற்றி அமர்ந்து பார்த்தோம். ஒன்றேமுக்கால் மணிக்கு அழைப்பு வந்தது. சாப்பிட்டீர்களா என்று எங்களைக் கேட்டார்.